மந்திரிச் சட்டை

கூட்டணி முறிந்ததும், கட்சி தன் எம்.எல்.ஏ.க்களைக் குற்றாலத்து பங்களா ஒன்றில் அடைத்து வைத்திருந்தது. ஒரு ஓட்டு குறைந்தாலும் ஆட்சி கவிழ்ந்துவிடும். புது மந்திரிகள் பட்டியல் மறுநாள்.

நாலு தடவை ஜெயித்த சிவசைலம் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். போன தேர்தலில் முளைத்த பரமேஸ்வரனுக்கு, இலஞ்சி ஊரிலிருந்து வந்த டெய்லர் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னடே, புதுச் சட்டையா?"

"பதவியேற்புக்குப் பட்டுச் சட்டை, அண்ணாச்சி. வேற எதுவும் கேக்காதீய. வாயத் திறக்கக் கூடாதுன்னு தலைவர் சொல்லியிருக்காரு."

சிவசைலத்துக்கு வயிறு எரிந்தது. தொப்பையைத் தவிர இவன் எதில் எனக்குச் சமம்?

எல்லாரையும் குளிக்கக் கூட்டிப்போன ஐந்தருவியில் அரைமணி நேரம் நின்றும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. ஈரத்துண்டோடு அங்கேயே டிவிக்காரர்களைக் கூப்பிட்டார்.

"இந்த ஆட்சிக்கு இனி என் ஆதரவு கிடையாது."

சாயங்காலம் பெட்டியை எடுக்க அறைக்கு வந்தார். கட்டிலில் பட்டுச் சட்டை இருந்தது. காலரில் டெய்லர் தன் ஆர்டர் சீட்டைக் குத்தியிருந்தார்.

'சட்டை: மந்திரி சிவசைலம் அண்ணாச்சிக்கு. அளவு: அதே உடம்புவாகுள்ள பரமேஸ்வரனிடம் எடுத்தது. பட்டியல் வரும்வரை அண்ணாச்சியிடம் சொல்லக் கூடாது.'

போட்டுப் பார்த்தார். தொப்பையில்கூட இறுக்கிப் பிடிக்கவில்லை.