இடது கால் ஷூ

அந்நிய நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து, சண்டையில் இடது காலைப் பறிகொடுத்த பெனடிக்ட், ஊருக்கு வந்தபோது ஒரு ஜோடி ஷூ வாங்கினான். வலதைப் போட்டுக்கொண்டு சிகிச்சைக்கு அந்த நாட்டுக்கே திரும்பிப் போனான். இடதை அவன் மனைவி ஜெபராணி துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். அவனோடு போய் இருக்க விசா கேட்டு அந்த நாட்டுத் தூதரகத்துக்கு வந்த இன்றும் அது அவள் பையில் இருந்தது.

கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "பட்டாளத்துல இருக்கறவங்க குடும்பத்துக்குத்தாம்மா இந்த விசா. உங்க வீட்டுக்காரரைத்தான் கால் இல்லைன்னு பட்டாளத்தை விட்டு அனுப்பிட்டாங்களே," என்றார்.

"அவரைத்தானே சார் அனுப்பினாங்க? கால் இன்னும் உங்க பட்டாளத்துலதானே கெடக்கு?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஜெபராணி ஷூவை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சந்தில் தள்ளினாள். காகிதம் நுழைய மட்டும் விட்ட சந்து அது. அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள்.