நாலு காலும் தரையில்

கார் இன்னும் வரவில்லை. நாலு மணி என்றார்கள், நாலே கால் ஆகிவிட்டது.

ஏழாவது முறையாக வாசல் கேட்டுக்கு வந்து தெருவைப் பார்த்தேன். திரும்பும்போது எங்கள் பீங்கான் பொம்மைச் சூளைக் கொட்டகைப் பக்கமும் ஒரு பார்வை பார்த்தேன்.

சிம்சோன் அங்கேதான் கட்டிக் கிடந்தது. பதினொரு மாதம், முப்பத்தெட்டுக் கிலோ. லாப்ரடார் நாய் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கன்றுக்குட்டி என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

என் மகள் பிரின்சியைப் பெண் பார்க்க இன்று வருவது மூன்றாவது குடும்பம். முதல் இரண்டையும் கெடுத்தது இந்த நாய்தான்.

நெய்வேலிக்காரர்கள் வந்த அன்று, பொம்மை வார்க்கிற மண் கூழில் இறங்கிவிட்டு வந்து, மாப்பிள்ளையின் அம்மாவுடைய பட்டுப்புடவையில் இரண்டு வெள்ளைக் கால் வைத்தது. பண்ருட்டி மாப்பிள்ளையின் தோள்மேலேயே கால் போட்டது. அந்த மனிதர் செருப்பு ஸ்டாண்டோடு சாய்ந்தார்.

இரண்டு இடத்திலிருந்தும் அப்புறம் பேச்சே இல்லை. பிரின்சிக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. நான் நிம்மதியாகத் தூங்கி எத்தனையோ மாதமாகிறது.

இன்றைக்கும் ஏதாவது ஆனால் நாளைக்கே நாயை ஸ்ரீமுஷ்ணத்தில் என் தம்பி கொல்லைக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். போன இரண்டு தடவையும் பிரின்சி கட்டின கட்டு அவிழ்ந்துகொண்டது. அதனால் இன்று நானே கட்டினேன்.

பழக்குகிறேன் பேர்வழி என்று மூன்று மாதமாக எங்களை ஆட்டி வைத்தவளும் அவள்தான்.

நாய் எகிறினால் அதட்டக் கூடாதாம், தள்ளக் கூடாதாம். விளையாடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுமாம். முதுகைக் காட்டித் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, மேலே பார்க்க வேண்டும். நாலு காலும் தரையில் வைத்து அது உட்கார்ந்த பிறகு மூன்று வரை எண்ணி, நெஞ்சில் தடவ வேண்டும். தலையில் தடவினால் மறுபடி எகிறும்.

மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் திரும்பிக்கொண்டு ஃபேனைப் பார்த்து நின்றோம். என் வீட்டுக்காரர் ஆன்றோ அதற்கும் லாயக்கில்லை. அது காலைத் தூக்கினால் போதும், பிடித்துக் குலுக்கிவிடுவார்.

எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம். எங்களிடம் மட்டும் ஏதோ உட்காரும். வெளியாளைக் கண்டால் பழைய குருடிதான்.

பிரின்சி சளைக்கவில்லை. விடிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு ரயில் ஜங்ஷன் பக்கம் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவாள். மழை பெய்தாலும் போவாள். வாயில்லாத ஜீவன்மேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

கார் வந்து நின்றது.

முதலில் மாப்பிள்ளை இறங்கினான். பெயர் சாவியோ. அரியலூர்க் குடும்பம், பையனுக்கு இங்கே ரயில்வேயில் வேலை. பின்னாலேயே அவன் அம்மா இறங்கினார்.

கொட்டகையில் சங்கிலி படபடத்தது. நான் மாட்டிய கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு சிம்சோன் வந்தது. வாயைத் திறப்பதற்குள் என்னைத் தாண்டிவிட்டது.

போச்சு, இந்தச் சம்பந்தமும் போச்சு என்று பின்னாலேயே ஓடினேன்.

மாப்பிள்ளை ஓடவில்லை. கத்தவும் இல்லை. முதுகைக் காட்டித் திரும்பினான். கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து தென்னை மரத்தைப் பார்த்தான்.

எகிறப் போன நாய் அப்படியே அடங்கி உட்கார்ந்தது. வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

அவன் உதடு மூன்று தடவை அசைந்தது. பிறகு குனிந்து, தலையைத் தொடாமல், நெஞ்சில் தடவிக் கொடுத்தான்.

கார்க் கதவுக்குப் பின்னாலிருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது அதிசயமா இருக்குது. இவன் தெரு நாயக் கண்டாலே அந்தாண்ட போறவனுங்க. எங்க வூட்ல நாயே வளத்தது இல்லீங்க."

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மழையிலும் நிற்காத அந்த நடை விளங்கியது. போன இரண்டு தடவையும் கட்டு எப்படி அவிழ்ந்தது என்பதும் விளங்கியது. தரகரிடம் இந்தப் பையனின் போட்டோவை யார் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்பதும் விளங்கியது.

ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இவள். என்னைப் பார்த்தால் அவ்வளவு பயமா, இல்லை அவ்வளவு இளப்பமா.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த மகன் தானாகப் பெண் பார்த்துக்கொண்டான் என்று ஐந்து வருடமாக அவனை வாசற்படி ஏற்றாதவர் என்று தரகர் சொல்லியிருந்தார். இதுவும் அந்தக் கதைதான் என்று தெரிந்தால் வந்த காரிலேயே ஏறிவிடுவார்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் பிரின்சி காபித் தட்டோடு நின்றாள். தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"எங்க நாய் அப்படித்தாங்க. யாரு வந்தாலும் கம்முனு ஒக்காந்துக்கும்" என்றேன்.

இந்தப் பொய்யை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

சிம்சோன் அந்த அம்மாவின் புடவைப் பக்கம் மெல்லத் திரும்பியது. நான் சங்கிலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி, உள்ளே வாங்க என்றேன்.