பௌர்ணமிப் பட்டினி

"அப்பாசாமிய நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடும்மா" என்றார் பலராமன் மதிவதனியிடம்.

வேங்கிக்கால் ஊரைத் தாண்டி இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் மேலாளர். நெற்றி நிறைய விபூதி. அப்பாசாமி எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர்.

புது மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் ரத்தத்தில் சேருமா என்று முதலில் எலிகளிடம் கேட்பதுதான் அங்கே தொழில். இந்த மருந்து இதுவரை முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் போனதுதான் மிச்சம். நேற்று மட்டும் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பலராமன் ஸ்வீட் வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, ஆய்வாளர் மதிவதனிக்கு ஒரு கூண்டின் மரத்தூளில் அரை முந்திரி கிடைத்தது. நெய் வாசனையோடு.

அவள் முகம் சுண்டிவிட்டது. மருந்து கொடுப்பதற்கு முந்தின இரவு எலிகள் பட்டினி கிடக்க வேண்டும். இதுவோ கொழுப்பில் கரையும் மருந்து. நெய் இறங்கிய வயிறு அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆக, ஜெயித்தது மருந்து இல்லை, சர்க்கரைப் பொங்கல்.

முந்தாநாள் பௌர்ணமி. கிரிவலப் பாதை முழுக்க அன்னதானம். எலி அறைச் சாவி அப்பாசாமியிடம். வேறு யாரைக் கேட்பது?

அப்பாசாமி சத்தியம் செய்தார். பெண் காலேஜில் படிப்பதைச் சொல்லிக் கெஞ்சினார். "சாயங்காலமே தீனிய எடுத்துட்டு, சாவிய சார் டேபிள்ல வெச்சுட்டுப் போயிட்டேம்மா."

பலராமன் மசியவில்லை.

"விரதம்னா என்னன்னு தெரியுமாய்யா உனக்கு? பௌர்ணமி அன்னிக்கு கிரிவலம் முடிக்கற வரைக்கும் நான் பச்சத் தண்ணி தொடறதில்ல. இவ்ளோ பெரிய ஒடம்பு தாங்குது. ஒரு ராத்திரி எலி தாங்காதா?"



மதிவதனிக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கும் கேமராவ ஒரு தடவ பாத்துடலாம் சார்."

"எந்தக் கேமரா?"

"எலி ரூம்ல இருக்கறது. போன வாரம் நீங்க லீவுல இருந்தப்ப மாட்டினாங்க."

பலராமன் வாயைத் திறப்பதற்குள் திரையில் படம் ஓடத் தொடங்கியது.

முந்தாநாள் ராத்திரி. எலி அறைக் கதவு திறந்தது. கையில் தொன்னையோடு பலராமன் உள்ளே வந்தார். தாழ்ப்பாள் போட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து பொங்கலை அவசர அவசரமாக அள்ளி வாயில் போட்டார்.

பாதியில் கை நின்றது. எல்லாக் கூண்டுகளிலும் கம்பிக்கு வெளியே மூக்குகள்.

முதுகைக் காட்டி உட்கார்ந்து இன்னொரு வாய் சாப்பிட்டார். திரும்பிப் பார்த்தார். அப்புறம் எழுந்து, ஒவ்வொரு கூண்டாகத் திறந்து, தொன்னையில் விரலால் துழாவித் துழாவி எடுத்துப் போட்டார்.

படம் முடிந்தது. பலராமன் விபூதியைத் துடைப்பதுபோல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"பரவால்ல சார்" என்றார் அப்பாசாமி. "முந்திரிய பூரா அதுங்களுக்கே பொறுக்கிப் போட்டிருக்கீங்க."