புலியிடம் போன வழக்கு

மழைக்காலத்துக்கு முன்னால் எலி வந்து கேட்டபோது, அணில் தன் சேமிப்பிலிருந்து ஒரு குவியல் வேர்க்கடலையை அள்ளிக் கொடுத்தது. அறுவடை முடிந்ததும் திருப்பித் தருவதாக எலி சொன்னது. ஆனால் வெள்ளம் அதன் வளையையே அடித்துக்கொண்டு போய்விட்டது.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ அண்ணே" என்றது எலி.

அந்தக் காட்டில் கொடுக்கல் வாங்கலை ஆமை பேசித் தீர்த்துவைக்கும். திருட்டையும் கொலையையும் புலி விசாரிக்கும். ஆமை தீர்ப்புச் சொல்வதற்குள் அடுத்த மழையே வந்துவிடும் என்று நினைத்த அணில், நேராகப் புலியிடம் போய், "எலி என் கடலையைத் திருடிவிட்டது சாமி" என்றது.

புலி எழுந்தது. காட்டில் ஒரு பூச்சிகூடச் சத்தம் போடவில்லை. அணில் வழிகாட்ட, எலி இருந்த இடத்துக்கு அது கம்பீரமாக நடந்து வந்தது. எலியின் மேல் பாதம் இறங்கியது. வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"உன் பொந்துக்குள் இவன் எப்படி நுழைந்தான்?" என்று புலி கேட்டது.

அந்தக் கண்களுக்கு முன்னால் அணிலுக்குப் பொய் வரவில்லை. "நுழையவில்லை சாமி. நான்தான் அள்ளிக் கொடுத்தேன்."

புலி பாதத்தை எடுத்தது. "இந்த நகத்துக்குக் கிழிக்கத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் மறைந்தது.

நடுங்கிக் கிடந்த எலியைத் தூக்கிவிட அணில் ஓடியது. "மெதுவாகவே ஆகட்டும், ஆமையிடம் போகலாம் வா" என்றது. அப்போதுதான் கீழே பார்த்தது. ஈர மண்ணில் புலி விட்டுப்போன ஒரே காலடித் தடத்துக்குள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.