பக்கத்து சீட்டு மானிட்டர்

"என் பக்கத்து சீட்டு அக்கா எதையோ மறைக்கிறாங்க சார்," என்று மேனேஜரிடம் வத்தி வைத்தான் வாத்தியார்.

அட்டைப்பெட்டி அச்சடிக்கும் அந்தக் கம்பெனியில் அவன் டிசைனர். மானிட்டர் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பாடம் எடுத்துவிடுவான். அப்படி வந்த பட்டப்பெயர்.

"எல்லாருக்கும் புது ஐபிஎஸ் பேனல் மானிட்டர் குடுத்தீங்க. எந்தப் பக்கத்துலேருந்து பார்த்தாலும் கலர் மாறாது. அக்கா மட்டும் பழைய டிஎன் பேனலைக் கட்டிக்கிட்டு அழறாங்க. அதுல நேரா உட்கார்ந்தாத்தான் ஒழுங்காத் தெரியும். பக்கத்து சீட்டுலேருந்து பார்த்தா எல்லாம் வெளிறிப்போயிடும். ஏன்னு யோசிங்க!"

மேனேஜர் யோசித்தார். அச்சுக்குப் போகும் டிசைனைக் கடைசியாகச் சரிபார்ப்பது அந்த அக்காதான்.

"என் டிசைன் கலர் சரியில்லைன்னு ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை சார். அதுல மணிக்கணக்கா அவங்க செக் பண்ண என்ன இருக்கு?"

அக்காவுக்கு அழைப்பு போனது.

"எனக்குப் பழசே போதும் சார். பழகிடுச்சு."

"ஒளிக்க ஒண்ணும் இல்லைன்னா மாத்திக்கிறதுல என்னம்மா கஷ்டம்? வேலை நேரத்துல வேற ஏதாவது பண்றது தெரிஞ்சா, அப்புறம் நீங்க இங்க இருக்க முடியாது."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. சரியென்று தலையாட்டினார்.

மதியமே புது மானிட்டர் வந்தது. வாத்தியார் தன் சீட்டிலிருந்தே ஓரக்கண்ணால் பார்த்தான். பளிச்சென்று தெரிந்தது.

காலையில் அவன் முடித்துக் கொடுத்த சோப்புப் பெட்டி! அதன்மேல் வரைந்திருந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, கலர் பட்டியலைத் திறந்து அக்கா நிறம் மாற்றிக்கொண்டிருந்தார்.

"என் டிசைன்ல ஏன்க்கா கை வைக்கிறீங்க?"

அக்கா பதறிப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார். நல்லவேளை, மேனேஜர் போனில் இருந்தார்.

"இலையை மட்டும்தான் தம்பி... பழுப்பா இருந்துச்சு. பச்சையாக்குறேன்."

"நான் பச்சைதானே போட்டேன்!"

அக்கா திரையை அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தார்.

அவன் எழுந்து வந்து திரைக்கு நேராகக் குனிந்தான். பாதி இலைகளை மாற்றியாகிவிட்டது, பாதி பாக்கி. எது மாற்றியது, எது மாற்றாதது?

அவன் கண்ணுக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் இருந்தன.

"எப்போலேருந்துக்கா?" என்றான்.

"நீ சேர்ந்ததுலேருந்து," என்றார் அக்கா. "உனக்குத் தெரிய வேணாம்னுதான் தம்பி, பழசே போதும்னு சொன்னேன்."