ஒன்பதரை லிட்டர்

விளம்பரத்தை நான்காவது முறை படித்தபோதும் ஏசி மெக்கானிக்குக்கு நம்பிக்கை வரவில்லை. ‘ஸ்கூபா சிலிண்டர், ஒன்பதரை லிட்டர், ஒன்று மட்டும். பாதி விலை. நேரில் வரவும்.’

இந்த அளவுக்காக அவர் மூன்று மாதமாக ஏறி இறங்காத கடை இல்லை. எல்லாக் கடையிலும் ஒரே சிரிப்பு. “அந்த சைஸ் நின்னுபோய்ப் பல வருஷமாச்சுங்க. யார் வீட்லயாவது ஒண்ணு ரெண்டு கெடந்தாதான் உண்டு.”

ஊருக்கு வெளியே தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரி ஒன்று இருக்கிறது. அதன் அடியில், பாறைக்கு நடுவே ஒரு சந்து. முதுகில் சிலிண்டர் கட்டியவர் நுழைந்தால் மாட்டிக்கொள்வார். விலாவுக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டரைத் தொங்கவிட்டுக்கொள்ளும் சைடுமவுண்ட்காரர்கள்தான் உள்ளே போக முடியும். டைவிங் குழுவில் எல்லோரும் போய் வந்துவிட்டார்கள். மெக்கானிக் மட்டும் ஒரு வருஷமாகக் கரையில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘செருப்பு சார்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது அவருக்கு நிஜமாகவே வலித்தது. போதாக்குறைக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு குவாரிக்கு வேலி போடப்போகிறார்களாம்.

வாங்குகிற சம்பளத்தில் சைடுமவுண்ட் சாமான்களைப் புதுசாக வாங்குவதெல்லாம் நடக்காது. பழைய கார் சீட் பெல்ட்டை வெட்டித் தோள்வார் செய்தார். சிலிண்டரை இழுத்துப் பிடிக்கும் ரப்பருக்கு சைக்கிள் டியூப். இடுப்புக்கு, மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டு. ஒரு சிலிண்டரும் எப்படியோ வந்து சேர்ந்தது. மனைவி பார்த்தால் வீடு ரெண்டாகும் என்று போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார். அதன் மஞ்சள் பெயின்ட்டின் மேல் யாரோ ஒரு மீன் தலையை வரைந்திருந்தார்கள். தலை மட்டும்தான். மீதியை வரைய நேரமில்லையோ என்னவோ.

இப்போது அதே அளவில் இன்னொன்று வேண்டும். ஒரு பக்கம் கனம் கூடினால் தண்ணீருக்குள் ஆள் சாய்ந்துவிடுவார்.

விளம்பரத்திலிருந்த விலாசத்தில் கார் சீட் உறை தைக்கும் ஓர் அம்மாள் இருந்தார். காலை பதினொரு மணிக்கே ஜன்னல் திரைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. அறையெங்கும் ரெக்சின் துண்டும் பசை வாடையும்.

“தனியாத்தான் வந்தீங்களா? யார்கிட்டயும் சொல்லலியே?” என்றார் அம்மாள், தணிந்த குரலில்.

“மூச்சு விடலக்கா.”

தையல் மெஷின் பக்கத்தில் சிலிண்டர் நின்றது. கழுத்துவரை கறுப்பு ரெக்சின் உறை. மெக்கானிக் ஜிப்பில் கை வைத்தார். அம்மாள் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

“பேசி முடிச்சுட்டுத் தொறக்கலாம். சைஸு கழுத்துல அடிச்சிருக்கு, பாத்துக்குங்க.”

ஒன்பதரை. மெக்கானிக்குக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது.

உள்ளறையில் யாரோ ஓர் ஆள் இருமி, சட்டென்று அடக்கிக்கொண்டார்.

“யாருக்கா உள்ள?”

“எங்கண்ணன். தூங்குறாரு.”

தூங்குகிற அண்ணன் டம்ளரில் ஸ்பூனைப் போட்டுக் கலக்கும் சத்தம் கேட்டது.

“பில் இருக்குங்களா?”

“பில்லு ஜோடிக்குச் சேர்த்துப் போட்டது. இதுக்குன்னு தனியாக் கெடையாது.”

இழுத்துவிட்ட திரை, பாதி விலை, இல்லாத பில், தூங்காத அண்ணன். திருட்டுச் சரக்கு என்பதில் மெக்கானிக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. அவர் பயப்படவுமில்லை. மடியில் கனம் உள்ளவரிடம் பேரம் பேசுவது சுலபம் என்று உற்சாகமாகவே நாற்காலியில் சாய்ந்தார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நான் மானமாப் பொழைக்கிறவன். அடுத்தவங்க பொருள்னா கையால தொடமாட்டேன். ஆனா இன்னும் கொஞ்சம் கொறைச்சீங்கன்னா, எங்கேருந்து வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்.”

அம்மாள் கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “சரி, கொறைச்சுட்டேன். ஆனா ஜோடி இல்லாம இது எதுக்கும் ஆகாது. நாளைக்கே திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடக்கூடாது.”

“அந்தக் கவலையே உங்களுக்கு வேணாம். அச்சு அசலா இதே சைஸ்ல ஒண்ணு, கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு.”

அம்மாள் உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “கேட்டுச்சாண்ணே? கட்டிலுக்கு அடியிலயாம்.”

கையில் டீ டம்ளரோடு அண்ணன் வெளியே வந்தார். மேலே பனியன். கீழே போலீஸ் பேன்ட்.

மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று, சந்தும் போயிற்று. திருட்டுச் சரக்கு வாங்க வந்தவன் என்று தன்னையும் சேர்த்து உள்ளே தள்ளுவதற்குள் முந்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று பட்டது.

“நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க சார். வந்ததுலேருந்து எனக்கு ஒரே சந்தேகம். பாத்தா திருட்டு கேஸ் மாதிரி இருக்கு சார்.”

“எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு” என்று அண்ணன் டீயை ஒரு வாய் குடித்தார். “விளம்பரம் குடுத்து நாலு நாளாச்சு. இந்த சைஸ்ல ஒத்தைச் சிலிண்டரைத் தேடிக்கிட்டு ஒரே ஒருத்தர்தான் வருவாருன்னு தங்கச்சி அப்பவே சொல்லிச்சு.”

அம்மாள் குனிந்து, உறையின் ஜிப்பைக் கீழேவரை இழுத்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால், சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கடை வாசலிலிருந்து கிளம்பிய அவசரத்தில், ஸ்கூட்டரில் இடமில்லாமல் மெக்கானிக் விட்டுவிட்டு வந்த மீனின் வால் உள்ளே பளிச்சென்று இருந்தது.