எட்டு கேசட்டில் அம்மா

"யாரைக் கேட்டு இதுல வீணையைப் போட்டே?"

சந்திரமௌலி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. புனே போபோடியின் சந்துக்குள் காரை நிறுத்த இடம் கிடைக்காத எரிச்சல் வேறு. கையிலிருந்த டிவிடியை ஆண்டனியின் கம்ப்யூட்டர் மேஜைமேல் விட்டெறிந்தார்.

"உக்காருங்க சார். தமிழு, சாருக்கு சாய் போடு."

"உன் சாயை நீயே குடி. எங்கம்மா குரல் எங்கே?"



நாளைக்கு மௌலியின் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி. நிக்டியில் இருக்கும் தன் வீட்டு ஹாலில் பெரிய டிவியில், சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்கு அம்மாவைக் காட்டப் போகிறார். அதற்காகத்தான் பழைய வீடியோ கேமரா கேசட்டுகள் எட்டையும் கொண்டுவந்து, "அம்மா வர்ற இடத்தையெல்லாம் தேடி எடுத்து ஒரே டிவிடியாப் போடு" என்று, வீட்டிலேயே வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கும் ஆண்டனியிடம் கொடுத்திருந்தார். எடுத்ததெல்லாம் அவரேதான். எடுத்ததோடு சரி, ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. கேமராவும் செத்துப் பல வருஷமாகிறது.

"சவுண்டு போயிருச்சு சார். பழைய டேப்பு, பூஞ்சை புடிச்சிருக்கு. ஊமையா ஓட வேண்டாமேன்னுதான் வீணை..."

"படம் பளிச்சுனு வர்றது. சவுண்டுக்கு மட்டும் பூஞ்சையா? யார்கிட்ட விடறே?"

"அப்பிடியும் ஆகும் சார்."

"ஆகும், ஆகும். மொத்தம் பத்து நிமிஷம்கூட இல்லை. அதுலயும் அம்மா நின்னு ஒரு சீன் கிடையாது. தட்டைத் தூக்கிண்டு உள்ள வர்றா, வெளியில போறா. எங்கேயோ போயிண்டே இருக்கா. நல்ல இடத்தையெல்லாம் வெட்டிக் கடாசிட்டு, மிச்சம் மீதியை வழிச்சுக் கொடுத்திருக்கே."

அடுக்களை வாசலில் நின்றிருந்த ஆண்டனியின் மனைவி தமிழரசிக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒரு மணி நேர கேசட்டு ஓட ஒரு மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டர்ல சட்டுனு இழுத்துற முடியாது. ஃபேக்டரி டூட்டி முடிஞ்சு வந்து, ஹெட்போனை மாட்டிக்கிட்டு எட்டையும் உக்காந்து பாத்திருக்காரு."

"பாத்து என்னம்மா பிரயோஜனம்? என் தங்கை சரசா கல்கத்தாலேர்ந்து ரெண்டு நாள் ரயில்ல வந்திருக்கா. கடைசி நேரத்துல அம்மா முகத்தைப் பாக்க முடியலை அவளுக்கு. ஒரு வார்த்தை, அம்மா ஒரே ஒரு வார்த்தை பேசறதைக் கேட்டாப் போறும்கறா. அவளுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

மௌலி மேஜைமேல் கிடந்த டிவிடியைத் தட்டினார்.

"அம்மாவை உள்ளங்கையில வச்சுத் தாங்கினவன்யா நான். எங்க போனாலும் கூட்டிண்டு போனேன். ஊருக்கே தெரியும். அதைக் காட்டலாம்னு பாத்தா, கெடுத்துட்டியே."

"மன்னிச்சுருங்க சார்."

"கேசட்டைக் கொடு. கேம்ப் ஏரியால பெரிய கடையில கொடுத்துக்கறேன். நம்ம தமிழாளாச்சேன்னு இங்க வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நம்ம தமிழ் வாட்ஸப் குரூப்புல போடறேன். இனிமே புனேல ஒரு தமிழன் உன் வாசப்படி மிதிக்க மாட்டான்."

ஆண்டனியிடம் வருகிறவர்கள் எல்லாருமே அந்த குரூப்பில் இருப்பவர்கள்தான். அது மௌலிக்கும் தெரியும்.

"போடுங்க சார்" என்றான் ஆண்டனி. கேசட்டுகளைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தான்.

கார் சந்து முனை திரும்பியிருக்காது, தமிழரசியின் போன் கத்த ஆரம்பித்தது.

"போட்டுட்டாரு. 'அரைகுறை ஆள், அம்மா குரலையே அழிச்சுட்டான், யாரும் கொடுக்காதீங்கோ'ன்னு. கீழ ஒருத்தர் எழுதியிருக்காரு, 'உங்களை மாதிரி பிள்ளை கிடைக்க அந்தம்மா குடுத்து வச்சிருக்கணும்'னு."

ஆண்டனி கசப்பாகச் சிரித்தான்.

"ஏங்க, நெசமாவே சவுண்டு இல்லியா?"

"இருக்கு. கண்ணாடியாட்டம் இருக்கு."

"அப்புறம் என்னத்துக்கு இந்தப் பேச்சு வாங்குறீங்க? பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டுப் போறாரு அந்த மனுசன். அந்தம்மா பேசுற இடத்தையாவது விட்டு வச்சிருக்கலாம்ல?"

"அத விட்டு வச்சா, மிச்சமும் எல்லாருக்கும் புரிஞ்சுரும்."

"கேம்ப் கடைல போட்டா மட்டும் புரியாதா?"

"புரியட்டும். அங்க தனியா உக்காந்து கேக்கட்டும். நாப்பது பேரு நடுவுல, கூடப் பொறந்தவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேக்க வேண்டாம்."

ஹெட்போனை அவள் தலையில் மாட்டினான். வெட்டாமல் கம்ப்யூட்டரில் வைத்திருந்ததை ஓட்டினான்.

மௌலியின் மகள் வைஷுவுக்குப் பிறந்தநாள். கேக் பக்கத்தில் அம்மா, கையில் பாயச டம்ளர்கள் அடுக்கிய தட்டோடு. கேமராவுக்குப் பின்னாலிருந்து மௌலியின் குரல்:

"அம்மா, நகரு. குழந்தையை மறைக்கறே."

மகாபலேஷ்வர் மலை டூர்.

"அம்மா, எத்தனை தடவை சொல்றது, நடுவுல வராதேன்னு."

நிக்டி வீட்டு கிரகப்பிரவேசம்.

"யாராவது அம்மாவை அந்தப் பக்கம் அழைச்சிண்டு போங்கோளேன். ஃபிரேமே கெட்டுப்போறது."

தமிழரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எட்டு கேசட்டிலும் அம்மா பேசியது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு முறையும், ஒதுங்கிப் போகும்போது, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே:

"நகந்துட்டேன்டா கண்ணா. நீ எடு."